நோன்பு திறக்கும் நேரத்துச் சூடு

மறுபடியும் இரண்டாவது எண் இறங்கத் தொடங்கியது. மத்தியானத்திலிருந்து நூற்று எண்பது டிகிரியில் அசையாமல் நின்ற பச்சை எழுத்து நூற்று எழுபத்தொன்பது ஆயிற்று, எழுபத்தைந்து ஆயிற்று, கிணற்றில் வாளி இறங்குவதுபோல நிதானமாகக் கீழே போயிற்று. பேனலுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜாஸியா எழுந்து நின்றாள். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இரும்பு ஆறுகிறது, சூடு கொடு. அது கொடுத்தது. விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்த ஹீட்டர் விளக்கு முழுசாக எரிந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். இயந்திரத்தின் வட்ட வாயிலிருந்து கூரைவரை ஊதி நிற்கும் பிளாஸ்டிக் குமிழி வயிற்றை எக்கியும் உப்பியும் ஆட ஆரம்பித்திருந்தது.

"வந்துட்டாரா உன் மாப்பிள்ளை?" இயந்திரத்தின் பின்பக்கமிருந்து, அதை ஓட்டும் பெரியவர் கெமிஸியின் குரல் வந்தது. "தினம் நோன்பு திறக்கிற நேரம் பாத்துத்தான் வர்றாரு. சாப்பாட்டு வேளை தெரிஞ்ச விருந்தாளி."

"நீங்க சும்மா இருங்க. நோன்பு வச்சுக்கிட்டு வாயை இப்படி ஓட்டினா பட்டினி கிடந்தது மட்டும்தான் மிச்சம்."

"கிண்டலை அல்லாஹ் மன்னிச்சிருவான், இஞ்சினியரம்மா. முதலாளி மன்னிப்பாரான்னு பாரு."

முதலாளி மன்னிக்கப் போவதில்லை. அது அவளுக்குத் தெரியும். அல்ஜீரிய மலைநகரான ஸெத்தீஃபின் தொழிற்பேட்டையில் இந்த மாதிரி பட்டறைகள் வரிசையாக இருந்தாலும் பால் பாக்கெட்டுக்கு ஃபிலிம் ஊதுகிறவை கொஞ்சம்தான். முதலாளி ஸி லக்தரின் ஃபிலிமை வாங்கும் பால் பண்ணை ஏற்கெனவே இரண்டு உருளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. விடியலுக்கு முன் வரிசையில் நின்று பால் வாங்கிப் போன ஜனங்கள், வீட்டுக்குப் போவதற்குள் பை பிளந்து கையும் காலும் பாலாகத் திரும்பி வந்து கடைக்காரனைத் திட்டினார்கள். கடைக்காரன் பண்ணையைத் திட்டினான், பண்ணை ஸி லக்தரைத் திட்டியது. ஸி லக்தர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு உருளை திரும்பி வந்தா," என்று அமைதியாகச் சொன்னார், "உன் கருவியைக் கழட்டி எடுத்துட்டு நீயும் போயிரலாம். பழசை மாட்டிக்கிறேன். பழசு இப்படி அழிச்சாட்டியம் பண்ணதில்ல."

அவர் சொன்னதில் பாதி உண்மை. பழைய கருவிகள் அழிச்சாட்டியம் பண்ணவில்லை, ஏனென்றால் அவை நாள் முழுக்க அழிச்சாட்டியம்தான். முள் குறியைத் தொடும்வரை ஹீட்டரை முழுசாக எரியவிடும், தொட்டதும் அணைக்கும். அணைத்த பிறகும் அத்தனை கனமான இரும்பு சூடேறிக்கொண்டுதானே இருக்கும்? பத்துப் பன்னிரண்டு டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வரும், திரும்பி வரும்போது அதே அளவு கீழே போகும். அந்த ஆட்டத்தை மறைக்கத்தான் ஃபிலிமைத் தடியாக ஊதினார்கள். ஜாஸியா கொண்டுவந்த கருவி அப்படியல்ல. குறி இன்னும் தூரத்தில் இருக்கும்போதே கையை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இதுவரை எவ்வளவு பிசகியது என்று பார்த்து, சொட்டுச் சொட்டாகச் சூட்டை விடும். மாட்டிய முதல் வாரம், பிளாஸ்டிக் உருகும் பேரல் என்ற இரும்புக் குழாயின் நான்கு பகுதிகளுக்கான நான்கு எண்களும் நூல் பிடித்ததுபோல் நின்றதைக் கண்டு அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். ஃபிலிமை மெலிதாக்கினார்கள். மிச்சமான மூலப்பொருளைக் கணக்குப் பார்த்து ஸி லக்தரே தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ரமலான் பிறந்தது, இது ஆரம்பித்தது.

அவளுடைய அப்பா ஒரு பள்ளிக்கூடத்தின் காவலாளி. பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போகாமல் கேட்டிலேயே முப்பது வருஷம் இருந்தவர். வீட்டில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனது அவள்தான். பட்டம் வாங்கிய பிறகு மூன்று வருஷம், வேலை கேட்டுப் போன இடங்களில் அவளிடம் கேட்காத கேள்வி இல்லை. கல்யாணம் ஆனால் வேலையை விடுவாயா? இயந்திரக் கிரீஸ் உனக்கு ஒத்துக்கொள்ளுமா? அண்ணன் தம்பி யாராவது வேலை தேடுகிறார்களா? ஒருத்தன் அவள் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தான். அவள் அதையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்வாள். மூக்கு நுனியில்லை, உடம்பு முழுக்க இருந்தது. அந்தக் கோபத்தில்தான் படித்தாள், அந்தக் கோபத்தில்தான் ஸி லக்தரின் அறைக்குள் நேரம் கேட்காமல் நுழைந்து, "உங்க ஃபிலிம் தேவைக்கு மேல தடியா இருக்கு, ஏன்னு எனக்குத் தெரியும்" என்றாள். வேலை கிடைத்தது. கருவியை அவளுக்குப் பிடித்ததற்கும் அதுதான் காரணம். யார் வீட்டுப் பெண் என்று அது கேட்பதில்லை. கம்பி வழியே என்ன வருகிறதோ அதை நம்பும், அதற்குத் தக்க நடக்கும்.

நன்றி என்பது அவளுக்குப் பழக்கமில்லாத சட்டை. யாருக்கும் கடன்படாமல் வந்தேன் என்ற நினைப்பு அவளுக்கு உண்டு. பட்டறையிலும் அப்படித்தான் இருந்தாள். மாலை முறையில் அவள் ஒருத்திதான் பெண். நோன்பு திறக்க ஆண்கள் எல்லாரும் முற்றத்துக்கு அந்தப்பக்கம் காவலாளி அறைக்குப் போவார்கள். இரண்டு அடுப்பு, பத்துப் பாத்திரம், ஒரே கூச்சல். அங்கே போய் உட்கார அவளுக்கு மனமில்லை, யாரும் வாவென்றும் கூப்பிடவில்லை. இயந்திரத்தை விட்டு நகரக்கூடாது என்று ஸி லக்தர் வேறு சொல்லியிருந்தார். முதல் நாள் பேனல் முன்னால் நின்றபடியே ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து கேண்டீன்காரன் எப்படியோ அவளுக்கென்று தனியாகச் சொர்பா அனுப்ப ஆரம்பித்தான். பச்சைக் கோதுமை நொய்யும் ஆட்டுக்கறியும் கொத்தமல்லியும் போட்டு, கொதிக்கக் கொதிக்க, மூடிய தூக்குவாளியில். பாங்கு சொல்லும்போது கெமிஸி கொண்டுவந்து ஸ்டூலில் வைப்பார். "உன் பங்கு" என்பார், போய்விடுவார். கேண்டீன்காரனாவது ஒழுங்காக வேலை பார்க்கிறானே என்று நினைத்துக்கொண்டு குடிப்பாள். ஒருநாள் உப்பு கம்மியாக இருந்தது. "அவன்கிட்ட சொல்லுங்க, உப்புக்கு என்ன பஞ்சமான்னு," என்றாள். கெமிஸி தலையை ஆட்டினார். மறுநாள் உப்பு சரியாக இருந்தது.

எதைத்தான் அவள் பார்க்கவில்லை? காலையில் வந்து சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. இருந்தும் புதுசு மாட்டினாள். கம்பியை மாற்றினாள். நோன்பு திறக்கும் முன் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சமைக்கிறதே, மின்சாரம் தாழ்கிறதோ என்று அளந்தாள். ஐந்து வோல்ட் தாழ்ந்தது, அதற்காக இவ்வளவு ஆட்டம் ஆடாது. வெளியே பனி கொட்டுகிறது, ஆண்கள் முற்றத்துக்குப் போக வரக் கதவு திறக்கிறது, குளிர்காற்று பேரலில் அடிக்கிறதோ என்று கனத்த துணித்திரை தொங்கவிட்டாள். "கல்யாண வீடு மாதிரி இருக்கு," என்றார் கெமிஸி. ஒவ்வொரு நாளும் பாங்குக்கு அரைமணி முன்னால் அந்த இரண்டாவது எண் இறங்கியது, பாங்கோடு துள்ளி ஏறியது. பாங்கு நாளுக்கு ஒரு நிமிஷம் தள்ளிப்போக, அதுவும் கூடவே தள்ளிப்போனது. இரும்புக்குப் பக்தி வந்துவிட்டதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

இன்றைக்குப் பண்ணைக்குப் போகும் உருளை ஓடிக்கொண்டிருந்தது. ஸி லக்தர், பாங்கு நேரத்துக்கு நானே வந்து நின்று பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

எண் நூற்று அறுபத்தெட்டுக்கு வந்தது. ஜாஸியா அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஏனென்று தெரியாமல், மூலையிலிருந்த மோட்டார் மீட்டரைப் பார்த்தாள். ஆம்பியர் குறைந்துகொண்டிருந்தது.

பேரலுக்குள் பிளாஸ்டிக் நிஜமாகவே ஆறினால் கெட்டிப்படும். கெட்டிப்பட்டால் அதைத் தள்ளுகிற திருகு திணறும், மோட்டார் கூடுதலாக இழுக்கும். இங்கே மோட்டாருக்குச் சுமை குறைகிறது. அப்படியென்றால் உள்ளே ஆறவில்லை, இளகி ஓடுகிறது. சூடு கூடுகிறது. சென்சார் பொய் சொல்கிறது, கருவி அந்தப் பொய்யை நம்பி எரித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளும் எண்ணையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தன்னையே திட்டியபடி, ஹீட்டரைக் கைக்கட்டுப்பாட்டுக்கு மாற்றி அணைத்துவிட்டு, பேனலைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள்.

கெமிஸி பேரலுக்கு மேல் குனிந்து நின்றார். இரண்டாவது ஹீட்டர்ப் பட்டையின் மேல்மூடி திறந்திருந்தது. நேராக நிற்கவேண்டிய சென்சார் பாதி வெளியே இழுக்கப்பட்டு, ஒரு அட்டைத் துண்டு முட்டுக் கொடுக்கப்பட்டு, குடை சாய்ந்ததுபோல் ஓரமாகச் சாய்ந்திருந்தது. அது நின்ற இடத்தில் தூக்குவாளி உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்து கரண்டியால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்தார். நோன்பு என்பதால் ருசி பார்க்க முடியாமல் ஆவியை மட்டும் முகர்ந்தார்.

"என்ன பண்றீங்க?"

அவள் கத்திய கத்தலில் கரண்டி கீழே விழுந்தது.

"என்ன பண்றேன்... சூடு பண்றேன்."

"அது சென்சார்! அதை ஏன் பிடுங்கினீங்க?"

"பிடுங்கலையே. கொஞ்சம் தள்ளித்தானே வச்சேன்? வாளி சாயுது, வேற எங்க வைக்க? அப்புறம் எடுத்துப் பழையபடி அமுக்கிடுவேன்." அவர் குரல் இறங்கியது. "ஏன், அதுக்கும் இதுக்கும்..."

"அதுக்கும் இதுக்கும்தான்! சூடு எவ்வளவுன்னு சொல்றதே அதுதான். நீங்க அதைத் தூக்கிட்டா கருவிக்குக் குளிருது. குளிருதுன்னு அது எரிக்குது. எல்லாம் கருகுது. பை உடையுது. எத்தனை நாள் என் உயிரை எடுத்திருக்கீங்க தெரியுமா? உங்க ஒரு வாளிக் கஞ்சிக்காக என் வேலை போகப் போகுது!"

"என் கஞ்சியா?" கெமிஸி நிஜமாகவே திகைத்துப் பார்த்தார். "இது உன்னோடதும்மா."

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"கேண்டீன் அனுப்புறது..."

"ரமலான்ல கேண்டீன் ஏது? பூட்டிக் கிடக்குது, நீ பாக்கலையா?" அவர் குனிந்து கரண்டியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "முதல் நாள் நீ நின்னுக்கிட்டே ஒத்தப் பேரீச்சம்பழத்தைத் தின்னுட்டு மீட்டரைப் பாத்துக்கிட்டு இருந்த. வீட்ல போய் மஸூதாகிட்ட சொன்னேன். என் பொண்டாட்டிக்கு வந்ததே கோபம். 'ஒரு பொண்ணு பட்டினியா நிக்குது, நீ எருமை மாதிரி தின்னுட்டு வந்தியா'ன்னா. அன்னைலருந்து அவதான் கொடுத்து விடுறா. மத்தியானம் கொண்டு வர்றது, சாயந்தரத்துக்குள்ள ஐஸா போயிருது. அந்த ரூம்ல அடுப்புக்கு அடிதடி, பாங்குக்கு முன்னாடி நான் மிஷினை விட்டுப் போகவும் முடியாது. ஆறின சொர்பாவை மனுஷன் குடிப்பானா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ குடிப்பியா?"

குடித்திருக்கமாட்டாள். அது இருவருக்கும் தெரிந்தது.

உப்பு விஷயம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காதோரம் சுட்டது. முகம் தெரியாத ஒரு பெண் எங்கோ ஒரு அடுக்ககத்தின் சமையலறையில், கேண்டீன்காரனுக்குப் போன வசவை வாங்கிக்கொண்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கிறாள். "உப்புக்கு என்ன பஞ்சமா" என்பதை இந்த ஆள் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பார்? மாற்றித்தான் சொல்லியிருப்பார். அவளுக்குள் கோபம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அதை வைக்க இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வேலை நினைவு வந்தது. "தள்ளுங்க." வாளியை அவர் கையில் திணித்தாள், அட்டையை உருவினாள், சென்சாரைக் குழிக்குள் அடிவரை அமுக்கித் திருகினாள், பேனலுக்கு ஓடினாள். எண் துள்ளி ஏறியது: நூற்றெண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. இருநூறைத் தொடவில்லை. நேற்றெல்லாம் இருநூற்றுப் பத்துக்கு மேல் போயிருந்தது. குளிர்விக்கும் விசிறியைப் போட்டாள். "கெட்டுப்போன நீளத்துக்குக் குறி வைங்க, வெட்டி எடுத்துடலாம்!" என்று கத்தினாள். கெமிஸி ஒரு கையில் வாளியோடு ஓடிப்போய் உருளையின் ஓரத்தில் சிவப்புக் காகிதத்தைச் செருகினார். குமிழி இன்னும் இரண்டு தடவை வயிற்றை எக்கியது. மெல்ல மெல்ல அடங்கியது. தொண்ணூறு. எண்பத்தாறு. அவள் கருவியைத் தானியங்கிக்கு மாற்றினாள். அது எண்பத்து மூன்றிலேயே கையை நீட்டிச் சூட்டைச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தது, ஒன்றுமே நடக்காததுபோல.

"என்ன சத்தம்?"

ஸி லக்தர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தோளிலும் தொப்பியிலும் பனி. கண் முதலில் குமிழியைப் பார்த்தது, பிறகு சிவப்புக் காகிதத்தை, பிறகு கெமிஸி மார்போடு அணைத்துப் பிடித்திருந்த வாளியை. கெமிஸியின் முகம் வெளுத்திருந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கியுள்ள ஆள். கிண்டல் எல்லாம் எங்கே போயிற்றோ.

"காரணம் கண்டுபிடிச்சிட்டேன்," என்றாள் ஜாஸியா. "சென்சாரைப் பாதி வெளிய இழுத்துட்டு அந்த இடத்துல சாப்பாட்டுப் பாத்திரத்தை வச்சிருக்கு. தினமும். அதனாலதான் பை உடைஞ்சது. கருவி மேல குத்தமில்ல."

ஸி லக்தர் கெமிஸியின் பக்கம் திரும்பினார். "யாரோட பாத்திரம்?"

"முதலாளி, அது வந்து நான்..."

"நீங்க பேசாதீங்க," என்று அவள் வெட்டினாள். "என்னோடது. எனக்கு வந்த சாப்பாடு, நான் குடிச்ச சொர்பா. இத்தனை நாளா நான்தான் குடிச்சேன்."

"இழுத்து வச்சது யாருன்னு கேக்கிறேன்."

"எனக்காகத்தான் வச்சதுன்னு சொல்றேன்ல? அதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?" குரல் தானாக ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள். "மிஷினை விட்டு நகராதேன்னு சொன்னது நீங்க. நகராம எங்க சாப்பிடுவேன்னு கேட்டீங்களா? ஒரு அடுப்பு இருக்கா இந்தப் பக்கம்? ஊரே பனியில உறைஞ்சு கிடக்கு. இந்த இரும்பைத் தவிர இங்க சூடா வேற என்ன இருக்கு? நாளைக்கு ஒரு அடுப்பு வாங்கி வைங்க. இல்ல, என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா பழசை மாட்டாதீங்க. அது பாவம்."

எது பாவம் என்று அவள் விளக்கவில்லை. ஸி லக்தரும் கேட்கவில்லை. அவர் போய் ஓடும் ஃபிலிமைத் தொட்டார், இரண்டு விரலுக்கிடையே தேய்த்தார், விளக்கை நோக்கித் தூக்கிப் பார்த்தார். மேலே பேனலில் நான்கு எண்களும் நின்றுகொண்டிருந்தன.

அப்போது தொழிற்பேட்டைப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. முற்றத்தில் காலடிகள் ஓடின, யாரோ சிரித்தார்கள், காவலாளி அறைக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. ஸி லக்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் பனியில் வீடு போய்ச் சேர அரைமணியாவது ஆகும். கெமிஸி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துப் பேரீச்சம்பழத்தை அவரிடம் நீட்டினார். பிறகு ஜாஸியாவிடம் நீட்டினார். மூவரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் வாளியின் மூடியைத் திறந்தாள். சரியாகச் சூடாகவில்லை. ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாகப் படிய ஆரம்பித்திருந்தது, அடியில் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு. கரண்டியால் கலக்கி ஒரு வாய் குடித்தாள். கோதுமை நொய் பல்லில் இதமாகக் கடிபட்டது. யாரோ ஒருத்தி கறியை எலும்பிலிருந்து பிரித்து, மெல்லச் சிரமமில்லாமல், சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டிருந்தாள். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

"உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க," என்று ஆரம்பித்தாள். தன் மேலேயே எரிச்சலாக வந்தது. "சொல்லுங்க, ஒரு நாள் நான் வர்றேன்னு."

"வெறுங்கையோட வந்துராத," என்றார் கெமிஸி, இருந்த கொஞ்சநஞ்சக் குரலில். "அவளுக்கு உன்னைவிடக் கோபம் வரும்."

ஸி லக்தர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பேரலின் அருகே போய் நின்றிருந்தார். மூடி இன்னும் திறந்தே கிடந்தது. வாளி உட்கார்ந்திருந்த இடத்தில் தூசி இல்லாமல் ஒரு வட்டம் பளபளத்தது. அவர் பனியில் நனைந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளையும் அந்த வட்டத்துக்கு மேலே, தொடாமல், விரித்துப் பிடித்தார். விரல்களிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. கெமிஸி அவருக்கு இடம்விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்.